முக்கோணத்துக்குள் ஓர் எண்



காலியான தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்துத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். அடியில், ஒன்றையொன்று துரத்துவது போல மூன்று அம்புகள் சேர்ந்த சின்ன முக்கோணம் இருக்கும். அதற்குள் 1 என்ற எண். மூக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியாது. எனக்குக் கண்ணாடியோடு வாசல் வெளிச்சமும் வேண்டியிருக்கிறது. குளியலறையில் இருக்கும் ஷாம்பு பாட்டிலில் 2 இருக்கும். ஓட்டலிலிருந்து குருமா வந்த கறுப்பு டப்பாவில் 5. பிஸ்கட் உறையில் 7 இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்.

காலை நடைப்பயிற்சியில் நம் வயதுக்காரர்கள் இதைப் பற்றிப் பேசிக் கேட்டிருக்கிறேன். "அம்புக்குறி போட்டிருந்தா மறுசுழற்சி ஆயிடும் சார், கவலையே இல்லை" என்பார் ஒருவர். "நம்பர் கூடக்கூட ஆபத்து அதிகம்" என்பார் இன்னொருவர். வாட்ஸ்அப்பில் மூன்றாவதாக ஒரு கதை வரும். இவற்றில் எதையும் அந்த முக்கோணம் சொல்லவில்லை. இந்தப் பொருள் எந்த வகைப் பிளாஸ்டிக்கால் ஆனது என்ற ஒரு தகவல்தான் அதில் இருக்கிறது.

அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த காலத்தில் சில ஆண்டுகள் தபால் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். மனு கொண்டு வருபவர்களுக்கு முத்திரை குத்திப் பதிவு எண் எழுதிக் கொடுப்போம். சிலர் அந்தச் சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, காரியமே முடிந்துவிட்டது போலப் போவார்கள். ஆனால் எண் கொடுத்த பிறகுதானே வேலை ஆரம்பம்? மனு உரிய பிரிவுக்குப் போக வேண்டும், யாராவது பிரித்துப் படிக்க வேண்டும், குறிப்பு எழுத வேண்டும், கையெழுத்தாக வேண்டும். பாட்டிலின் அடியில் இருக்கும் எண்ணும் அப்படிப்பட்ட பதிவு எண்தான்.

இந்த அம்புகள் எங்கிருந்து வந்தன? 1970இல் முதல் பூமி தினத்தை ஒட்டி, அமெரிக்காவில் அட்டைப்பெட்டி தயாரிக்கும் நிறுவனம் ஒன்று, சின்னம் வரையும் போட்டி நடத்தியது. கேரி ஆண்டர்சன் என்ற 23 வயது மாணவர் வரைந்த அம்பு முக்கோணம் பரிசு பெற்றது. அது காகித மறுசுழற்சிக்காக வந்த சின்னம். 1988இல் அந்நாட்டுப் பிளாஸ்டிக் தொழில்துறைச் சங்கம், அதே சாயலில் ஒரு முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை எண்களைப் போட்டு வகைக் குறியீடு ஆக்கியது. குப்பையைப் பிரிப்பவர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்பதே நோக்கம். ஆனால் பார்த்தவர்களுக்கு எண் மனத்தில் நிற்கவில்லை, அம்புதான் நின்றது. குழப்பம் தீரட்டும் என்று 2013இல் அந்தக் குறியீட்டுத் தரத்திலிருந்து அம்புகளை எடுத்துவிட்டு வெறும் முக்கோணம் ஆக்கினார்கள். ஆனால் எண் வெட்டப்பட்டிருப்பது பாட்டிலை வார்க்கும் இரும்பு அச்சில். அச்சு மாறும் வரை பழைய அம்புகளும் வந்துகொண்டேதான் இருக்கும். உண்மையில் மறுசுழற்சி ஆகாத பொருளில் இந்த அம்புகளைப் போடக் கூடாது என்று கலிபோர்னியா மாநிலம் 2021இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. நம் நாட்டில் பிளாஸ்டிக் மறுசுழற்சிக்கான தரக்குறிப்பு 1998இல் வந்தது. அதன் எண் ஐ.எஸ். 14534.

இனி ஒவ்வோர் எண்ணாகப் பார்ப்போம்.

1 என்றால் பெட். தண்ணீர், குளிர்பான பாட்டில்கள், சில சமையல் எண்ணெய் பாட்டில்கள். பழைய பொருள் கடையில் இதற்கு எப்போதும் மரியாதை உண்டு. கழுவி, துண்டாக்கி, உருக்கி நூலாக இழுத்துவிடுகிறார்கள். 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்கு ஒரு நீல நிற மேலங்கி அணிந்து வந்தது நினைவிருக்கிறதா? பழைய பாட்டில்களை உருக்கிச் செய்த துணி அது. தயாரித்தது நம் கரூர் நிறுவனம். ஆனால் இந்தப் பாட்டில் சூடு தாங்காது. சுமார் 70 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும். ஆகவே வெந்நீரோ சூடான கஞ்சியோ இதில் ஊற்ற வேண்டாம்.

2 என்றால் எச்.டி.பி.இ. ஷாம்பு பாட்டில், பினாயில் கேன், கெட்டியான மாத்திரை டப்பா. இதற்கும் நல்ல கிராக்கி. குழாயாகவும் வாளியாகவும் மறுபிறவி எடுக்கும்.

3 என்றால் பி.வி.சி. வீட்டுத் தண்ணீர்க் குழாய், மின்கம்பி உறை. நம் வீடுகளில் இது இன்னோர் உருவத்திலும் இருக்கிறது. மாத்திரை அட்டையில் கண்ணாடி மாதிரிப் புடைத்திருக்கும் பக்கம் பெரும்பாலும் இதுதான்.

4 என்றால் எல்.டி.பி.இ. மெல்லிய, இழுத்தால் நீளும் வகை. பால் பாக்கெட் இந்தக் குடும்பம். அம்பத்தூர் ஆவின் பண்ணையிலிருந்து நீலம், பச்சை, ஆரஞ்சு என்று நம் வாசலுக்கு வருவது எல்லாமே.

5 என்றால் பி.பி. ஓட்டல் டப்பா, அரிசிச் சாக்கு, பல பாட்டில்களின் மூடி. சூடு தாங்குவதில் மற்றவற்றைவிட இது தேவலாம். டப்பாவில் கோப்பையும் முள்கரண்டியும் சேர்ந்த படம் இருந்தால், உணவு வைக்க ஏற்றது என்று பொருள்.

6 என்றால் பி.எஸ். தெர்மாகோல் இந்த வகைதான். எடையே இருக்காது, இடத்தை மட்டும் அடைக்கும். அதனால் வாங்க ஆள் வருவதில்லை. தெர்மாகோல் தட்டும் கோப்பையும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 பொருள்களில் உண்டு. தண்ணீர் பாக்கெட், உறிஞ்சுகுழல், கைப்பை எல்லாம் அதே பட்டியல்தான்.

7 என்றால் 'மற்றவை'. மேலே சொன்ன ஆறிலும் சேராதது, ஒன்றுக்கு மேல் கலந்தது எல்லாம் இங்கே. அலுவலகத்தில் 'இதர' என்று ஒரு கோப்பு வைத்திருப்போமே, அது மாதிரி. அதற்குள் போனதைத் திரும்ப எடுப்பது எவ்வளவு சிரமம் என்று வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆக, எண் பெரிதானால் ஆபத்து பெரிது என்பதெல்லாம் இல்லை. ஆனால் எண்ணுக்கு உண்மையான பயன் இருக்கிறது. ஓர் உதாரணம் சொல்கிறேன். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த ரா. வாசுதேவன், கழிவுப் பிளாஸ்டிக்கைக் கொண்டு தார்ச்சாலை போடும் முறையைக் கண்டுபிடித்தவர். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். சென்னை நுங்கம்பாக்கம் ஜம்புலிங்கம் தெருவில் 2002இலேயே இப்படிச் சாலை போட்டார்கள். ஜல்லியை 160, 170 டிகிரிக்குச் சூடாக்கி, அதன்மேல் பிளாஸ்டிக் தூளைத் தூவினால் அது உருகி ஜல்லியைப் பூசிக்கொள்ளும். பிறகு தார் கலப்பார்கள். இதற்கு 4, 5, 6 வகைகள் எல்லாம் உதவும். 3 மட்டும் ஆகவே ஆகாது. பி.வி.சி.யில் குளோரின் இருக்கிறது. சூடு பட்டால் மூச்சை அடைக்கும் நச்சுவாயு வரும். குப்பையை வாசலில் கொளுத்துகிறோமே, அப்போதும் அதே வாயுதான். நம் தெருக்களில் இன்னும் சிலர் காலையில் சருகோடு இதையும் சேர்த்துக் கொளுத்துகிறார்கள்.

எண் தேய்ந்து போயிருந்தால் என்ன செய்வது? வாளித் தண்ணீர் போதும். பாட்டிலிலிருந்து ஒரு துண்டு வெட்டிப் போடுங்கள், மூழ்கும். அதே பாட்டிலின் மூடியைப் போடுங்கள், மிதக்கும். 2, 4, 5 ஆகிய மூன்றும் தண்ணீரைவிட லேசானவை. 1, 3 கனமானவை. மறுசுழற்சி ஆலைகளிலும் பாட்டில் துண்டையும் மூடித் துண்டையும் இப்படித் தொட்டியில் போட்டுத்தான் பிரிக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் ஒரு மத்தியானப் பொழுது போகும்.

வாளியும் இல்லாமல், கண்ணாடியும் இல்லாமல் பிரிப்பவர்களும் இருக்கிறார்கள். இங்கே திருவேற்காட்டில் எங்கள் தெருவுக்குக் காலை ஏழரைக்குப் பேட்டரி வண்டியோடு ஒரு தூய்மைப் பணியாளர் அம்மா வருவார். ஒரு நாள் அவரிடம், "ஏம்மா, இந்த நம்பரைப் பார்த்துத்தான் பிரிப்பீங்களா?" என்று பாட்டிலைக் காட்டிக் கேட்டேன்.

சிரித்துவிட்டார். "நம்பரா? அதை யார் சார் பாத்துனு இருக்கறது! கைல எடுத்து நசுக்கினா சத்தமே சொல்லிடும் சார்."

செய்தும் காட்டினார். தண்ணீர் பாட்டில் மொடமொடவென்றது. பால் பாக்கெட் சத்தமே போடாமல் இழுபட்டது. சிப்ஸ் உறை சரசரவென்று, கையை எடுத்ததும் மறுபடி விரிந்தது. "இது வேஸ்ட்டு சார், யாரும் எடுக்க மாட்டாங்க" என்று அதைத் தனியாகப் போட்டார். பால் பாக்கெட்டைப் பற்றி அவர் சொன்னதை எல்லோருக்கும் சொல்ல வேண்டும். கழுவிக் காயவைத்த பாக்கெட்டுக்குக் காசு. பால் மிச்சமிருந்து நாறிப்போனால், அதே பாக்கெட்டுக்கு ஒன்றும் கிடையாது. அதோடு சேர்ந்த மற்றதும் வீண். தரம் பிரித்துப் பழைய பொருள் கடையில் போட்டு வரும் பணம் அவருக்கு மாதச் சம்பளத்துக்கு மேல் ஒரு சின்ன ஆதரவு. நாம் அரை நிமிடம் குழாயடியில் செலவழிப்பது அவர் கையில் காசாகப் போகிறது.

சில வாரங்கள் கழித்துப் பார்த்தேன், வலது கையில் துணி சுற்றியிருந்தார். யாரோ ஒரு வீட்டுப் பையில் பால் பாக்கெட்டுகளுக்கு நடுவே இன்சுலின் ஊசி. கையுறையைத் தாண்டிக் குத்திவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு, ரத்தப் பரிசோதனைக்கும் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை தூக்கமில்லாமல் இருந்திருக்கிறார். நல்லவேளை, ஒன்றுமில்லை. சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்பவர்கள் நம் வயதில்தான் அதிகம் என்பதால் இதை எழுதுகிறேன். ஊசியைப் பையில் போடாதீர்கள். கெட்டியான 2ஆம் எண் டப்பா ஒன்றில் சேர்த்து, மூடியை இறுக்கி, மேலே "ஊசி" என்று பெரிதாக எழுதித் தனியாகக் கையில் கொடுங்கள். வீட்டு அபாயக் கழிவைத் தனியாகத் தர வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளிலேயே வந்துவிட்டது.

அந்த அம்மா 'வேஸ்ட்டு' என்று ஒதுக்கிய சரசர உறைக்கு வருவோம். அதற்குப் பன்னடுக்கு உறை என்று பெயர். உள்ளே ஒரு பிளாஸ்டிக், நடுவில் அலுமினியப் பூச்சோ தகடோ, வெளியே இன்னொரு பிளாஸ்டிக். காற்றும் ஈரமும் புகாது. பண்டம் மாதக் கணக்கில் கெடாது. ஆனால் ஒட்டியதைப் பிரிப்பது கடினம். இப்படிச் சேர்வதில் ஒரு பகுதியை அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்புகிறார்கள். மீதி குப்பைமேட்டுக்கு. இல்லையென்றால் மழையில் அடித்துக்கொண்டு கூவத்துக்கு. திருவேற்காட்டுக்காரர்களுக்கு நான் கூவத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

இந்த உறைகளில் மிகச் சிறியதற்குச் 'சாஷே' என்று பெயர். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அந்தச் சொல் எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே பழக்கம். 'சாக்' என்றால் பை. 'சாஷே' என்றால் குட்டிப் பை. சொல் பிரெஞ்சு, ஆனால் அதில் ஷாம்புவை அடைத்து இந்தியாவின் மூலைமுடுக்குக்கெல்லாம் கொண்டுபோனவர்கள் புதுச்சேரிக்குப் பக்கத்து ஊரான கடலூர்க்காரர்கள். சின்னி கிருஷ்ணன் என்பவர், பணக்காரர் வாங்கும் பொருளைக் கூலிக்காரரும் வாங்க வேண்டும், அதற்குச் சின்ன உறைதான் வழி என்று கண்டவர். அவர் குடும்பத்திலிருந்து வெல்வெட் ஷாம்பு வந்தது, மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் சிக் ஷாம்பு தொடங்கினார். ஒரு பாட்டில் வாங்க முடியாத வீட்டுப் பெண்ணும் வெள்ளிக்கிழமை ஒரு சாஷே வாங்கித் தலை குளித்தாள். அந்த நன்மையை யாரும் மறுக்க முடியாது. காலியான சாஷே எங்கே போகும் என்ற கேள்வியை அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. இன்று ஆடி ஞாயிற்றுக்கிழமைகளில் கருமாரியம்மன் கோயிலுக்கு வரும் கூட்டம் கலைந்த பிறகு தெருவைப் பார்த்தால் அந்தக் கேள்விதான் கண்ணுக்குத் தெரிகிறது. வேப்பிலையும் தேங்காய் நாரும் மக்கிவிடும். சாஷே அடுத்த ஆடிக்கும் இருக்கும்.

நம் வீட்டில் இதற்கு அண்ணன் தம்பி மாத்திரை அட்டை. ஒரு பக்கம் பி.வி.சி., மறுபக்கம் அலுமினியத் தகடு. இரத்த அழுத்தம், சர்க்கரை, கால்சியம் என்று கணவன் மனைவிக்கு ஒரு மாதத்தில் எத்தனை அட்டை சேர்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அதில் முக்கோணமும் இருக்காது, வாங்கவும் ஆள் கிடையாது.

இப்போது சில உறைகளின் பின்புறம் இன்னொரு வரியும் இருக்கும்: இ.பி.ஆர். பதிவு எண். இது என்ன? 2016இல் வந்து 2022இல் விரிவாக்கப்பட்ட பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, சந்தையில் விட்ட பிளாஸ்டிக்குக்குத் தயாரிப்பாளரே கணக்குச் சொல்ல வேண்டும். கெட்டிப் பிளாஸ்டிக்கில் 2024-25இல் பாதியையும், படிப்படியாக 2027-28 முதல் 80 சதவீதத்தையும் மறுசுழற்சி செய்ய வேண்டும். பன்னடுக்கு உறைக்கு அதே ஆண்டுகளில் 30 சதவீதத்திலிருந்து 60 சதவீதம். அவர்கள் நம் வீட்டு உறையையே தேடி எடுக்க வேண்டியதில்லை. அதே அளவுக்கு எங்காவது மறுசுழற்சி ஆனதற்குச் சான்றிதழ் காட்டினால் போதும். கைப்பை என்றால் அதன் தடிமனையும் அச்சிட வேண்டும். நாட்டளவில் 2021 செப்டம்பர் 30 முதல் 75 மைக்ரான், 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரான் என்று உயர்த்தினார்கள். 'மக்கும் பை' என்று போட்டால் அதற்கும் தரக்குறிப்பு உண்டு, ஐ.எஸ். 17088. அந்த எண் இல்லாமல் பச்சை இலைப் படம் மட்டும் போட்ட பையை நம்ப வேண்டாம்.

என் தங்கை குடும்பம் பிரான்ஸில் இருக்கிறது. அங்கே பல வருடங்களாக உறைகளில் இரண்டு அம்பு சுற்றிய ஒரு வட்டம் இருக்கும், 'பச்சைப் புள்ளி' என்பார்கள். அங்குள்ள மக்களும் அதைப் பார்த்து மறுசுழற்சிப் பொருள் என்றுதான் நினைத்தார்கள். தயாரிப்பாளர் கழிவு நிர்வாகத்துக்குச் சந்தா கட்டிவிட்டார் என்பதே அதன் பொருள். (நம் ஊர்ப் பச்சைப் புள்ளி சைவ உணவைக் குறிக்கும் என்பதால் தங்கை மகளுக்கு இங்கே வரும்போதெல்லாம் வேடிக்கை.) அந்தக் குழப்பத்தைப் பார்த்து 2015இல் 'டிரிமான்' என்ற புதிய சின்னம் கொண்டுவந்தார்கள். 2022 முதல் அதன் பக்கத்திலேயே படம் போட்டுச் சொல்கிறார்கள்: மூடி இந்தத் தொட்டியில், அட்டை இந்தத் தொட்டியில் என்று. அங்கும் போட்டதெல்லாம் மறுசுழற்சி ஆகிவிடுவதில்லை. ஆனால் உறையைக் கையில் வைத்திருக்கும் மனிதருக்கு, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை அந்த உறை அவர் மொழியிலேயே சொல்கிறது.

நம் உறைகளில் எத்தனை எழுத்து! உணவுப் பாதுகாப்பு உரிமம், இ.பி.ஆர். எண், பட்டைக்குறி. 2025 ஜூலை முதல் இந்த விவரங்களைக் கியூஆர் குறியிலேயே அடக்கிவிடவும் அனுமதி வந்துவிட்டது. இவையெல்லாம் அதிகாரிக்கும் ஆய்வாளருக்கும் எழுதியவை. குப்பையைப் போடும் நமக்கும், பொறுக்கும் அந்த அம்மாவுக்கும் எழுதியது ஒரு வரிகூட இல்லை. "கழுவி, உலர்ந்த குப்பையில் போடவும்" என்று தமிழில் ஒரு வரி அச்சிட எவ்வளவு மை ஆகிவிடும்? அரசாணைக்கும் சுற்றறிக்கைக்கும் நடுவில் வாழ்ந்தவன் சொல்கிறேன், படிக்க வேண்டியவருக்குப் புரியாத அறிவிப்பு கோப்பில்தான் தூங்கும். இதை நுகர்வோர் அமைப்புகளும், குடியிருப்போர் நலச் சங்கங்களும் எழுதிக் கேட்கலாம். மனு எழுத ஆள் வேண்டுமென்றால் எனக்குக் கை இன்னும் நடுங்க ஆரம்பிக்கவில்லை.

அது வரும்வரை நம்மால் முடிந்தது: 1, 2, 4, 5 எண்களைக் கழுவிக் காயவைத்து ஒரு பையில். பன்னடுக்கு உறையும் மாத்திரை அட்டையும் இன்னொரு பையில்; விலை இல்லாவிட்டாலும் நல்லதைக் கெடுக்காமல் இருக்கும். ஊசி தனி. கடைக்குப் போகும்போது துணிப்பை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசு சொன்னபோது நம் தலைமுறைக்கு அதில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை, கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு வாங்கி வந்ததுதானே!

நாளைக் காலை உங்கள் தெருவுக்கு வருபவரிடம், எதை எப்படிக் கொடுத்தால் அவருக்கு உபயோகம் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஊருக்கு ஊர், கடைக்குக் கடை அது மாறும். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.